மூன்று வயதுக் குழந்தையின் மதியச் சோறு: அங்கன்வாடியா, டப்பாவா, பள்ளிச் சமையலா?

சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி, நீச்சல் குளம் வைத்த அடுக்குமாடி வளாகங்களுக்குள்ளேயே மழலையர் பள்ளிகள் நடக்கின்றன. அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் சிறிது நேரத்தில் போய்விடும் தூரத்தில்தான் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எல்லாம் இருக்கின்றன. நகரின் உள்ளே ஆற்றங்கரைகளிலிருந்தும் குடிசைப் பகுதிகளிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்கு அரசு கட்டிக்கொடுத்த குடியிருப்புகள் அவை. அங்கே அங்கன்வாடிகள் உண்டு. நண்பகலை ஒட்டி இரண்டு இடங்களிலும் மூன்று வயதுக் குழந்தைகள் சாப்பிட உட்காருகிறார்கள். ஓரிடத்தில் அடுப்பிலிருந்து இறக்கிய தக்காளி சாதமும் அவித்த முட்டையும். இன்னோரிடத்தில் காலை ஏழரைக்குக் கட்டிக்கொடுத்து, ஆறி விறைத்துப்போன தோசைத் துண்டுகள். எது வசதியான பகுதி என்பதைத் தட்டை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

ஜூன் மாதச் சேர்க்கைக்கு முன்னால் வீட்டில் நடக்கும் பேச்சு கட்டணம், ஆங்கிலம், வேன் வசதி என்றே சுற்றி வரும். சாப்பாடு கடைசியில்தான் வரும், அதுவும் போகிற போக்கில். ஆனால் சேர்த்த முதல் நாளிலிருந்து, குழந்தை வாசலுக்கு வந்ததும் அம்மா கேட்கும் முதல் கேள்வி “சாப்பிட்டாயா?” என்பதுதான். அதனால் மற்ற அளவுகோல்களை ஒதுக்கிவிட்டு, மதியச் சாப்பாட்டை மட்டும் வைத்து மூன்று வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்: அரசு அங்கன்வாடி, வீட்டிலிருந்து டப்பா கொண்டுபோகும் தனியார் பள்ளி, தானே சமைத்தோ வரவழைத்தோ போடும் பள்ளி அல்லது பகல் காப்பகம். சாப்பாட்டு நேரமே வராத மூன்று மணி நேரப் பள்ளி நான்காவது வழி. பன்னிரண்டு மணிக்குள் வீடு திரும்பும் குழந்தைக்குச் சோறு போட வீட்டில் ஆள் இருந்தால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. அதை இங்கேயே முடித்துக்கொள்கிறேன்.

முதலில் குழந்தையின் வயிற்றைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். பிறந்த எடை ஒரே வருடத்தில் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. இரண்டு வயதுக்குப் பிறகு வேகம் குறைந்து, ஆண்டுக்குச் சுமார் இரண்டு கிலோதான் ஏறுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி மூன்று வயதில் நடுத்தர எடை 14 கிலோ அளவில்தான் இருக்கிறது. வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறைகிறது. “குழந்தையாக இருந்தபோது நன்றாகச் சாப்பிட்டான், இப்போது எதையும் தொடுவதில்லை” என்று வீட்டுக்கு வீடு கேட்கும் புலம்பலுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

இன்னொன்று, இந்த வயதில் குழந்தைக்குத் தன் வயிறு நிரம்பியது தெரியும். 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மூன்று வயதுக் குழந்தைகளுக்குத் தட்டில் எவ்வளவு வைத்தாலும் அவர்கள் சாப்பிட்ட அளவு பெரிதாக மாறவில்லை. ஐந்து வயதுக் குழந்தைகளோ தட்டில் அதிகம் வைத்தால் அதிகம் சாப்பிட்டார்கள். அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் குழந்தை தன் வயிற்றைக் கேட்பதை விட்டு, தட்டைப் பார்த்துச் சாப்பிடக் கற்றுக்கொண்டுவிடுகிறது. மழலையர் பள்ளிக் காலம் சரியாக அந்த இரண்டு ஆண்டுகள்தான்.

ஆகவே நான் முதலில் பார்ப்பது, தட்டில் இருப்பது போதுமா என்பதை. அடுத்துப் பார்ப்பது, எவ்வளவு சாப்பிடுவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதை. என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும், எவ்வளவு என்பதைக் குழந்தையிடம் விட்டுவிடுங்கள் என்று ஊட்டச்சத்து வல்லுநர் எலின் சாட்டர் வகுத்த பொறுப்புப் பிரிவினை உலகெங்கும் புழங்குகிறது. நம் ஊரில் இது எளிதில் எடுபடாது. நிலாவைக் காட்டி, காக்கையைக் காட்டி, இப்போது கைப்பேசியைக் காட்டி ஊட்டிப் பழகிய சமூகம் நாம். குழந்தையின் வாயில் ஒரு கவளம் கூடப் போனால் அன்றைக்கு ஜெயித்துவிட்டதாக நினைப்போம்.

ஆனால் வற்புறுத்தினால் காரியம் ஆவதில்லை என்பதற்குச் சான்று இருக்கிறது. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், சூப்பைக் குடித்து முடி என்று சொல்லப்பட்ட குழந்தைகள், ஒன்றும் சொல்லப்படாதவர்களைவிடக் குறைவாகவே குடித்தார்கள்; அந்த சூப்பைப் பற்றி முகம் சுளித்துப் பேசியதும் அவர்கள்தான். லியான் பர்ச் என்ற உளவியலாளர் 1984இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. பழக்கமில்லாத ஒரு பால் பானத்தைக் குடித்தால் பரிசு உண்டு என்று சொல்லப்பட்ட குழந்தைகளுக்கு நாளடைவில் அந்தப் பானத்தின்மேல் விருப்பம் குறைந்துபோனது. “கீரையை முடித்தால் சாக்லேட்” என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் கீரை ஒரு தண்டனை என்பதை நாமே குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கிறோம்.

அங்கன்வாடி

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு வயதிலிருந்தே குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. இன்று மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் தர வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் முதலில் வகுத்தது; 2023இல் அந்த அளவுகள் திருத்தப்பட்டன. அதாவது, அங்கே கிடைக்கும் சோறு சட்டப்படியான உரிமை. தக்காளி சாதம், எலுமிச்சை சாதம், காய்கறிப் புலாவ், பருப்பு சாதம் என்று கலவை சாதங்கள் மாறி மாறி வரும். வாரத்தில் மூன்று நாள் முட்டை, மற்ற நாட்களில் பயறோ உருளைக்கிழங்கோ. ஒரு முட்டையிலேயே ஏறத்தாழ ஆறு கிராம் புரதம் கிடைத்துவிடுகிறது. சட்டம் முதலில் கேட்டதில் ஏறக்குறையப் பாதி அது. வசதியான வீட்டு டப்பாக்களில் வாரம் மூன்று நாள் முட்டை போகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

சாப்பாட்டு நேரத்தில் அங்கே நடப்பது டப்பாப் பள்ளியில் நடக்காத ஒன்று. எல்லோருக்கும் ஒரே சாதம். தரையில் வரிசையாக உட்கார்ந்து, எவர்சில்வர் தட்டில் தன் கையால் எடுத்துச் சாப்பிடுகிறார்கள். முட்டையின் வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு மஞ்சள் கருவை உருட்டி விளையாடும் குழந்தை எல்லா மையத்திலும் உண்டு. அனுபவமுள்ள ஆயா அதை எடுத்து அந்தச் சாதத்திலேயே மசித்துவிட்டு அடுத்த தட்டுக்கு நகர்ந்துவிடுவார். நின்று கெஞ்ச அவருக்கு நேரமிருக்காது. வீட்டில் பருப்பு சாதத்தைத் துப்பும் குழந்தை, பக்கத்தில் நான்கு பேர் அள்ளிச் சாப்பிடுவதைப் பார்த்துத் தானும் சாப்பிடும். இது வெறும் நம்பிக்கை இல்லை. தனக்குப் பிடிக்காத காய்கறியை விரும்பிச் சாப்பிடும் குழந்தைகளோடு சில நாள் சேர்த்து உட்கார வைத்தாலே குழந்தையின் விருப்பம் மாறுவதைப் பர்ச் 1980இலேயே காட்டிவிட்டார்.

குறைகளும் இல்லாமல் இல்லை. காலிப் பணியிடங்களால் ஒரே பணியாளர் இரண்டு மையங்களைப் பார்த்துக்கொள்ளும் நிலை பல இடங்களில் உண்டு. சில மையங்களில் அறை சிறிது, கழிப்பறை மோசம், கை கழுவத் தண்ணீரை வாளியிலிருந்து மொண்டுதான் ஊற்ற வேண்டும். ஆயா வராத நாளில் பணியாளரே சமைக்க வேண்டும், பாட்டும் கதையும் அன்றைக்கு நின்றுபோகும். கலவை சாதத்தில் காய்கறி எவ்வளவு விழுகிறது என்பது மையத்துக்கு மையம் மாறும். இவை எல்லாம் நேரில் போய்ப் பார்க்க வேண்டிய விஷயங்கள். ஒரு மையத்தை வைத்து இன்னொன்றைத் தீர்மானிக்க முடியாது.

வற்புறுத்தல் இங்கேயும் உண்டு, ஆனால் காரணம் வேறு. 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்டவர்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எடை குறைந்த குழந்தையின் பெயர் அங்கன்வாடிப் பணியாளரின் பதிவேட்டில் தனியாக நிற்கும். இப்போது போஷன் டிராக்கர் செயலியிலும் எடையையும் உயரத்தையும் ஏற்ற வேண்டும். இரவுச் சமையல் நிச்சயமில்லாத வீட்டிலிருந்து வரும் குழந்தையிடம், “போதுமென்றால் எழுந்துகொள்” என்று சொல்ல அவருக்கு மனம் வராது. அதை நான் தவறென்று சொல்லமாட்டேன்.

டப்பா

தனியார் மழலையர் பள்ளிகளில் பரவலாக இருக்கும் முறை இது. பெரிய லாபம், குழந்தைக்குப் பழகிய வீட்டுச் சுவை. ஒவ்வாமையோ வேறு உடல்நலச் சிக்கலோ உள்ள குழந்தைக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது. அந்த வீட்டார் மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். டப்பா என்பது வீட்டின் பதற்றத்தைப் பள்ளிக்குள் கொண்டுபோகும் வாகனம். மூடியைத் திறந்ததுமே அளவு தீர்மானமாகிவிட்டது, நான்கு இட்லியென்றால் நான்கு இட்லி. பார்த்துக்கொள்ளும் அக்கா ஒருவர், எதிரே ஒரு டஜனுக்கு மேல் டப்பாக்கள், கையில் இருப்பது அரை மணி நேரம்கூட இல்லை. வரிசையாக ஒவ்வொரு வாயிலும் ஒரு கரண்டி வைத்துக்கொண்டே போவார், மெல்லத் தாமதிக்கும் குழந்தையிடம் “இன்னும் இரண்டே வாய்தான் செல்லம்” என்பார். மீதி இருந்தால் மாலையில் கேள்வி வரும், வாட்ஸ்அப் குழுவில் ஒரு தாய் கேட்டால் பத்துத் தாய்மார் சேர்ந்துகொள்வார்கள். காலி டப்பாவைப் படமெடுத்து அனுப்பும் பள்ளிகள் உண்டு, கேமராவில் நேரலை காட்டும் பள்ளிகளும் உண்டு. கட்டணம் கூடக்கூட இந்தக் கண்காணிப்பும் கூடும். குழந்தை வயிறு நிறைந்து தலையைத் திருப்பிக்கொண்டது யாருடைய கணக்கிலும் ஏறாது.

இடைவேளைத் தின்பண்ட டப்பா இன்னொரு கதை. திங்கள் பழம், செவ்வாய் சுண்டல் என்று கிழமைக்கொரு பட்டியல் கொடுக்கும் பள்ளிகள் பாராட்டுக்குரியவை. பட்டியல் இல்லாத இடத்தில் க்ரீம் பிஸ்கட்டும் பொட்டலச் சிப்ஸும்தான் ராஜ்ஜியம். ஒரு குழந்தை கொண்டுவந்தால் மறுநாள் ஐந்து குழந்தைகள் கேட்கும். அங்கன்வாடியில் பருப்பு சாதத்துக்கு உதவிய அதே சகவாசம் இங்கே சிப்ஸுக்கு உதவுகிறது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி போட்டது. டப்பாவுக்குள் நாமே வைத்து அனுப்புவதை எந்த விதி தடுக்கும்? முழுத் திராட்சையும் முழு நிலக்கடலையும் இந்த வயதில் தொண்டையில் சிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், நறுக்கியோ பொடித்தோ அனுப்புங்கள்.

பள்ளியே சமைத்தால்

தாய் தந்தை இருவரும் மாலை ஆறு வரை வேலையில் இருக்கும் வீடுகளுக்குப் பெரும்பாலும் இதுதான் வழி. காகிதத்தில் பார்த்தால் இதுவே சிறந்தது: சூடான சாப்பாடு, எல்லோருக்கும் ஒன்று, கலந்து உட்காரும் பழக்கம், கூடவே படுக்க இடம். நடைமுறையில் எல்லாம் சமையலறை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வளாகத்திலேயே சமைத்தால் சாதம் குழையும், காரம் குறையும், ஒரு குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றால் மோர் சாதம் தனியாகக் கிடைக்கும். வெளியிலிருந்து கேட்டரிங்கில் வந்தால், பெரியவர்களுக்குச் சமைத்த குழம்பில் தண்ணீர் ஊற்றிய சுவைதான் பல இடங்களில். வாரப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மூன்று நாள் நூடுல்ஸ், பாஸ்தா, வறுத்த சாதம் என்று இருந்தால், குழந்தை சாப்பிடுவதைப் போட்டுத் தொல்லையைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்று பொருள். தட்டு காலியாகும், பெற்றோருக்கும் மகிழ்ச்சி.

இதில் ஒரு வசதி உண்டு. அளவைத் தட்டிலேயே மாற்ற முடியும். முதலில் ஒரு சிறு கரண்டி, கேட்டால் இன்னொன்று என்று பரிமாறும் காப்பகம் கிடைத்தால் மற்றக் குறைகளைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம்.

பகுதிக்கும் பழக்கத்துக்கும்

வசதியான பகுதி என்றால் சாப்பாட்டுப் பழக்கமும் நல்லதாக இருக்கும் என்ற எண்ணம் எனக்கும் எளிதாக வருகிறது. அதற்கு எதிரான சான்று அமெரிக்காவில் இருக்கிறது. வருமானம் குறைந்த குடும்பங்களின் குழந்தைகளுக்காக அங்கே 1965இல் தொடங்கிய ஹெட் ஸ்டார்ட் மையங்களுக்குக் கூட்டரசின் விதிகள் உண்டு: சாப்பிடப் போதிய நேரம் தர வேண்டும், உணவைப் பரிசாகவோ தண்டனையாகவோ பயன்படுத்தக் கூடாது, தட்டை முடிக்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. அங்கே பணியாற்றுபவர்களே குழந்தைகளோடு உட்கார்ந்து அதே உணவைச் சாப்பிடுவதில் மற்றக் காப்பகங்களைவிட முன்னே நின்றதாக ஆய்வில் தெரிந்தது. பின்லாந்தில் ஏழை, பணக்காரப் பகுதி என்ற பேதமில்லாமல் மழலையர் மையங்களிலேயே உணவு தரப்படுகிறது. பணியாளர்கள் அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது அவர்கள் வேலையின் ஒரு பகுதி.

யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறதோ, அதற்கேற்பத்தான் ஊட்டும் முறை அமைகிறது என்பது என் கருத்து. அங்கன்வாடிப் பணியாளர் எடைப் பதிவேட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். டப்பாப் பள்ளி கட்டணம் கட்டும் பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டும். பகுதியின் பணம் முடிவு செய்வது இதைத்தான், இதற்கு மேல் அதிகமில்லை. குழந்தையின் பசிக்குப் பதில் சொல்லும்படி எழுதிய விதி இருக்கும் இடத்தில் ஏழைப் பகுதியிலும் நல்ல பழக்கம் வந்துவிடுகிறது. நம்மிடம் கலோரிக்குச் சட்டம் இருக்கிறது. கரண்டியைப் பிடிக்கும் கைக்கு இன்னும் இல்லை.

2019இல் திருநெல்வேலி ஆட்சியராக இருந்த ஷில்பா பிரபாகர் சதீஷ் தம் மகளை அங்கன்வாடியில் சேர்த்தது நாடு முழுவதும் செய்தியானது. அது செய்தியாகிற அளவுக்குத்தான் நம் நடுத்தர வர்க்கம் அங்கன்வாடியை வைத்திருக்கிறது. “பால்வாடியிலா சேர்க்கப் போகிறீர்கள்?” என்று கேட்கும் உறவினருக்கு அங்கே வாரம் மூன்று முட்டை என்பது தெரிந்திருக்காது.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? வீட்டுக்குப் பக்கத்தில் நிரந்தரப் பணியாளரும் ஆயாவும் இருக்கிற, தண்ணீரும் கழிப்பறையும் ஒழுங்காக உள்ள அங்கன்வாடி இருந்தால், மூன்று நான்கு வயதுக்கு, சாப்பாட்டைப் பொறுத்தவரை நான் அதையே முதலில் வைப்பேன். வருமானச் சான்று தேவையில்லை, கட்டணமும் இல்லை. வீட்டில் அசைவமே இல்லாதவர்கள் முட்டையைப் பற்றி முன்பே பேசிக்கொள்ளட்டும். அப்படிப்பட்ட மையம் இல்லை, இருவரும் வேலைக்குப் போகிறீர்கள் என்றால், வளாகத்திலேயே சமைக்கும் காப்பகம். டப்பாவை மூன்றாவதாக வைக்கிறேன். ஆனால் மூன்றிலும் உங்களால் உடனே திருத்தக்கூடியது அது ஒன்றுதான், ஏனென்றால் அதன் பாதிச் சிக்கல் உங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. நான்கு இட்லி வைக்கிற இடத்தில் இரண்டு வையுங்கள். கையால் எடுத்துத் தின்னக்கூடியதை வையுங்கள். பிடிக்காத காய் ஒன்றைச் சின்னத் துண்டாக, மறுபடி மறுபடி வையுங்கள். பத்துப் பதினைந்து முறை கண்ணில் பட்ட பிறகே பல குழந்தைகள் புதிய காயை ஏற்றுக்கொள்கின்றன.

முன்பணம் கட்டுவதற்கு முன் எந்த இடமானாலும் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் போய் நில்லுங்கள். உள்ளே விடமாட்டோம் என்றால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “குழந்தை போதும் என்றால் என்ன செய்வீர்கள்?” “கவலையே படாதீர்கள், எப்படியாவது சாப்பிட வைத்துவிடுவோம்” என்று பெருமையாகப் பதில் வந்தால் அடுத்த பள்ளியைப் பார்க்கலாம். ஏற்கெனவே சேர்த்துவிட்டவர்கள் டைரியில் எழுதி அனுப்புங்கள்: “டப்பாவில் மீதி வந்தால் பரவாயில்லை, கட்டாயப்படுத்த வேண்டாம்.” ஆசிரியை முதலில் நம்பமாட்டார், இப்படி எழுதிய பெற்றோரும் மாலையில் வந்து சண்டை போட்டதை அவர் பார்த்திருப்பார். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நேரிலும் ஒரு முறை சொல்லிவிடுங்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவும் பக்கத்தில் இருக்கும்போது.